சூசையப்பருக்கு வந்த சொல்



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று திருவழிபாட்டில் என்ன விழா என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். அது திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலிருந்து வந்தது. ஏரோது குழந்தையைத் தேடுகிறான். வானதூதர் சூசையப்பரிடம் கனவில் சொல்கிறார். அவர் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார்.

அந்தக் காலையில்தான் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கடல் ஊருக்குள் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதினான்கு நாடுகளில் இறந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

அதன் பிறகு நாம் என்னென்ன பேசினோம்! கடவுளின் தண்டனை என்றோம். வேளாங்கண்ணியில் ஆலயம் தப்பியதே, அது அன்னையின் அதிசயம் என்றோம். அன்னையின் பரிந்துரையில் நமக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் இறந்தார்களே, அவர்களுடைய தாய்மாரின் முகத்தைப் பார்த்து நாம் அந்த வார்த்தையைச் சொல்வோமா? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டார். இல்லை என்று பதிலும் அவரே சொன்னார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசிப்போம்.

அப்படியானால் அன்று என்னதான் நடந்தது? நம் காலடி நிலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் விரல்நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே அதிகம். சுமத்திராவுக்கு மேற்கே அது பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிறது. நுழையும் இடத்தில் பாறையும் பாறையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் இறுகிப்போய் இருந்தன. அன்று காலை நம் நேரப்படி 6.29 மணிக்கு அந்தப் பிடி விட்டது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கும் மேல் பாறை பிளந்து நழுவியது. கடலின் அடித்தரை மீட்டர் கணக்கில் உயர்ந்தது. உயர்ந்த தரை தன்மேல் இருந்த தண்ணீரையெல்லாம் தூக்கிவிட்டது. ஆழிப்பேரலை என்பது அவ்வளவுதான்.

'இந்த நகர்வே இல்லாமல் ஆண்டவர் பூமியைப் படைத்திருக்கக் கூடாதா?' என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இதே இந்தியத் தட்டு வடக்கே போய் ஆசியாவின்மேல் மோதியதால்தான் இமயம் எழுந்தது. மத்திய ஆசியாவின் குளிர்ந்த, வறண்ட காற்றை அந்த மலை மறித்து நிற்கிறது. அது இல்லையென்றால் தென்மேற்குப் பருவமழை இன்றுள்ள வலுவோடு பெய்யாது. குடகில் அந்த மழை பெய்தால்தானே காவிரியில் தண்ணீர்! சுமத்திராவில் எரிமலைகள் உண்டாவதும் அடியில் நுழையும் அந்தத் தட்டால்தான். அவை கக்கிய சாம்பல் படிந்த மண்ணில் இன்றும் அங்கே விவசாயம் நடக்கிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு மழையில் கரைந்து, பாறையை அரித்து, ஆற்று வழியாகக் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படிகிறது. தட்டுகள் அதை உள்ளே இழுத்துச் செல்ல, எரிமலைகள் மறுபடியும் காற்றில் விடுகின்றன. இந்தச் சுழற்சிதான் நெடுங்காலமாகப் பூமியை உறைந்துபோகாமலும் கொதித்துப்போகாமலும் வைத்திருக்கிறது. நகராத பூமியில் அலை வராமல் போகலாம். ஆனால் நாம் இருந்திருப்போமா என்பதே ஐயம். அன்று நாகை வயல்களில் கடல் விட்டுப்போன உப்பைக் கழுவியதும் மழைதான். நம் விவசாயிகள் ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அந்த மழைக்காகக் காத்திருந்தார்கள்.

பிள்ளையை இழந்தவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது. நமக்குத் தெரியும். அதனால்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாறை நழுவியது 6.29-க்கு. அலை நம் கரைக்கு வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. பசிபிக் பெருங்கடலில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது; இந்தியப் பெருங்கடலில் இல்லை. இரண்டு மணி நேரம் நம் மக்கள் வலை உலர்த்திக்கொண்டும், கேக் பங்கிட்டுக்கொண்டும், பூசைக்குப் போய்க்கொண்டும் இருந்தார்கள். சூசையப்பருக்கு வந்த சொல் அவர்களுக்கு வரவில்லை. அதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது எந்த வகையில் நியாயம்?

சுமத்திராவுக்கு அருகே சிமெலூவே என்றொரு தீவு இருக்கிறது. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில். அலை அங்கே சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் 7 பேர். அங்கே கருவி ஏதும் இல்லை. 1907-இல் இப்படியொரு அலையில் தங்கள் ஊர்களை இழந்த பாட்டன் பாட்டிமார், நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. அன்று காலை யாரோ அந்தப் பெயரைக் கத்தினார்கள். ஊரே மேட்டுக்கு ஓடியது.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் நமக்கும் முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. நன்றியோடு நினைக்க வேண்டிய பணி. ஆனால் அங்கிருந்து வரும் செய்தி கடைசித் தெருவிலுள்ள கடைசிக் குடிசைக்குப் போய்ச் சேர, ஒருவர் எழுந்து ஓடிக் கதவைத் தட்ட வேண்டும். ஆலய மணியும் ஒலிபெருக்கியும் நம் கையில்தானே இருக்கின்றன?

வரும் 26-ஆம் தேதி இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அது முடிந்ததும் வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் காலையின் கதையைச் சொல்லுவோம். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகக் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும்.