பனிக்கால லீவும் பிள்ளைகளின் சயின்ஸ் புராஜெக்டும்

(நம் சங்கத்தின் நவம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில்.)



டிசம்பர் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்பது ஒன்று. இந்நேரத்துக்குத் தெர்மாகோல் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும். மறுநாள் காலை புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். அப்பா எரிமலை செய்வார், அம்மா சார்ட் எழுதுவார், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. புகை விடும் எரிமலை, தண்ணீர் சுற்றும் சக்கரம் எல்லாம் கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்துநான்கு வருஷம் வங்கியில் குமாஸ்தா. சயின்ஸ் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பதிவு என்றால் என்ன என்று தெரியும். பணத்தை எண்ணியவர் எழுத வேண்டும், எழுதியவர் இனிஷியல் போட வேண்டும். எண்ணாததை எழுதக் கூடாது. பிள்ளைகளின் புராஜெக்டுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். அதற்கு வேண்டிய விஷயம் பனிக்காலத்தில் நம்மைச் சுற்றியே கிடக்கிறது.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். சுமார் 30 ஹெக்டேர் ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள், மரம் முழுக்கக் கூடுகள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் ஊர்க்காரர்கள் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளைக் காத்து வந்தார்கள். 2022இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மழை பொய்த்த வருஷத்தில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் அவ்வளவாக வராது. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? போகிறோம், கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறோம், கட்டுச்சோற்றைப் பிரிக்கிறோம், அரை மணியில் திரும்புகிறோம். போன வருஷம் நாங்கள் போனபோது என் பேரன், எட்டு வயது, வழக்கம்போலப் பத்தே நிமிஷத்தில் “போரடிக்குது தாத்தா” என்றான். ஒரு மரத்தைக் காட்டி, அதில் வந்து இறங்கும் பறவைகளை மட்டும் எண்ணச் சொன்னேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கட்டம். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடுவது, நாங்கள் நோட்டுக் கட்டு எண்ணும்போது போடுவது போல. நாலரை மணிக்கு உட்கார்ந்தவன் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. ஆறு மணி நெருங்க நெருங்கக் கட்டங்களில் கோடு போட இடமில்லை. நத்தைகுத்தி நாரை எது, கூழைக்கடா எது, நீர்க்காகம் எது என்று அவனாகவே கேட்டான். அவன் கேட்காமல் நான் சொல்லியிருந்தால் ஒன்றும் மனதில் நின்றிருக்காது.

ஜனவரி முதல் மார்ச் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் ஒரு குழு இரவு நடை கூட்டிப்போகிறது. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. பெரிய பிள்ளைகள் இருப்பவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். தூக்கம் கெடும். காணும் பொங்கலன்று மட்டும் கடற்கரைப் பக்கமே வேண்டாம், பிள்ளையைத் தேடுவதே அன்றைய புராஜெக்ட் ஆகிவிடும்.

இவ்வளவு தூரம் போகாமல், நம் டி பிளாக் மொட்டை மாடியிலேயே ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். “மாடியில் யார் பெயிண்டால் கோடு போட்டது?” என்று போன வருஷம் சிலர் கேட்டீர்கள். அது என் பேத்தியின் கோடு. அப்போது அவள் ஏழாவது வகுப்பு.

ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பு. காலையில் நிழலின் நுனியில் ஒரு புள்ளி, அந்த நீளத்துக்கு ஒரு வட்டம். பிற்பகலில் நிழல் மறுபடி அதே வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே கம்பிலிருந்து கோடு போட்டால் அது சரியான வடக்கு. சங்கு நட்டுத் திசை பார்ப்பது என்று நம் சிற்ப நூல்களில் உள்ள வழிதான். அப்புறம் தினமும் இரண்டே குறிப்பு: நிழல் அந்தக் கோட்டின் மேல் விழும் நேரம், அப்போது அதன் நீளம். லீவு நாளில் அவள் அளப்பாள். பள்ளி நாளில் நான் அளந்து என் இனிஷியல் போடுவேன்.

டிசம்பர் 1 அன்று நிழல் 70 சென்டிமீட்டர். 22ஆம் தேதி 74. பொங்கலன்று 68. இது பாடத்தில் இருப்பதுதான். அவளைக் குழப்பியது நேரம். முதல் நாள் நிழல் கோட்டைத் தொட்டது 11.58க்கு. 22ஆம் தேதி 12.07. பொங்கலன்று 12.18. “நம்ம கடிகாரம் ஓடிப்போகுதா தாத்தா?” என்றாள். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பது ஒரு காரணம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து சற்று வேகமாக ஓடுவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நடுப்பகலை நாளுக்குச் சுமார் அரை நிமிஷம் தள்ளிப் போடுகின்றன. (குளிர்காலத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்பது அறுபது வயதுக்கு மேல் எனக்குத் தெரிந்த செய்தி.)

பொழுது நீள ஆரம்பித்த பிறகும் காலையில் இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 22ஆம் தேதியிலிருந்து பொங்கலுக்குள் சூரிய உதயம் சுமார் 9 நிமிஷம் தாமதமாகிறது, அஸ்தமனம் 14 நிமிஷம் தள்ளிப்போகிறது. 14 வரவு, 9 செலவு, மிச்சம் 5. இந்த நேரங்களை அவள் நாளிதழ் பார்த்து வேறு மையில் எழுதி, மேலே “பேப்பரில் பார்த்தது” என்று தலைப்புப் போட்டாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

46 நாளில் 13 கட்டங்கள் காலி. மழை, மேகம், மூன்று நாள் ஊருக்குப் போனது. கொடுப்பதற்கு முந்தைய நாள் மாப்பிள்ளை நோட்டைப் பார்த்துவிட்டு, “மாமா, இது இப்படிக் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? முன்னாடி நாள், பின்னாடி நாள் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போட்டுடலாமே. தப்பா வராது” என்றார். கணக்குப்படி தப்பாக வராதுதான். அவர் வேலையில் தினமும் செய்வதும் அதுதான். பேத்தி சொன்னாள், “அன்னிக்கு நான் பார்க்கலையேப்பா.” நான் வாயைத் திறக்கவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. வொர்க்கிங் மாடல் இல்லை, வெறும் நோட்டு, அதிலும் காலி இடங்கள் என்றார்களாம். முதல் பரிசு ஒரு எரிமலைக்கு. அதே எரிமலையை அதே சிவப்பு பல்போடு கடையில் விலைச்சீட்டோடு பார்த்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்த பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை. அது கேட்டதைத்தான் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து என் பேத்தி கேட்டாள்: “அடுத்த வருஷம் காலியா விடாம போட்டுடட்டுமா தாத்தா?”

பரிசு போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கேள்விதான் அன்று ராத்திரி தூங்கவிடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நாம்தான் கொடுத்தோம். “இந்தப் பதிமூணு கட்டம் காலியா இருக்கறதாலதான் மீதி முப்பத்துமூணையும் நான் நம்பறேன்” என்று சொன்னேன். ஒரு தாத்தா நம்பினால் போதுமா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால் பள்ளிக்கூடத்தை விடுங்கள், நம் கையில் இருப்பதைக் கேட்கிறேன். ஜனவரி 26 அன்று நம் ஹாலில் பிள்ளைகளின் கண்காட்சி வைக்கிறோம். இந்த முறை மாடலோடு நோட்டும் வேண்டும் என்று வைப்போம். எந்தத் தேதி, யார் பார்த்தது, என்ன பார்த்தது, எந்த நாள் பார்க்கவில்லை. நிழலாக இருக்கட்டும், வேடந்தாங்கல் பறவையாக இருக்கட்டும், நம் வேப்பமரத்தில் எத்தனை அணில் என்பதாகவே இருக்கட்டும். காலியாக விட்டதற்கு ஒரு மார்க்கும் குறைக்கக் கூடாது. நடுவர்கள் மாடலை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் பேச வேண்டும், பெற்றோர் அந்த ஐந்து நிமிஷம் ஹாலுக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் மூன்று நோட்டுக்கும் புத்தகப் பரிசு என் செலவு.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாடிச் சாவியை டிசம்பர் 1 முதல் தினமும் 11.45க்கு வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளைகள் தனியாகப் போக மாட்டார்கள், நான் கூட இருப்பேன், தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் நான் பொறுப்பு. டி பிளாக்கில் லிஃப்ட் ரூம் வடக்குப் பக்கம் இருப்பதால் வெயில் மறைக்காது. துணி காயப் போடுகிறவர்கள் மட்டும் அந்த அரை மணிக்குத் தெற்குக் கொடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். புடவை நிழல் விழுந்தால் கம்பின் நிழல் தெரியாது.