பாதி படிச்சதையும் சொல்லுங்க

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் ஒரு குழு ஊக்குநர் பேசியது)



'வாசிப்பின் பயன்கள்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். அந்தத் தலைப்பில் பேச எனக்குத் தெரியாது. நான் பத்தாம் வகுப்புதான். எங்க குழுவில் நடந்ததைச் சொல்றேன். அதில் நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

எங்க ஊர் தூத்துக்குடிக்குப் பக்கம். சுத்தி உப்பளம். குழுவில் நாங்க 14 பேர். அதில் 9 பேர் அளத்துக்குப் போறவங்க, இல்லேன்னா முன்னாடி போனவங்க. விடியுறதுக்கு முன்னால போய் பாத்தியில உப்பு வாரணும், பெட்டியில சுமந்து தட்டுமேட்டுல கொட்டணும். மழைக்காலம் வந்துட்டா வேலை கிடையாது. அந்த மாசங்கள்லதான் எங்க குழுவில் உள்கடன் அதிகமாப் போகும். இது உங்களுக்கும் தெரிஞ்ச கதைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம். சேமிப்பு வாங்கியாச்சு, கடன் வசூல் முடிஞ்சது, டீ வந்துச்சு. என் பைக்குள்ள ஊர்ப்புற நூலகத்துல எடுத்த ஒரு நாவல் இருந்தது. பக்கத்துல இருந்த மதினி அதைப் பாத்துட்டு, "என்ன கதை புள்ள?"ன்னு கேட்டாங்க. "பாதிதான் படிச்சிருக்கேன் மதினி, முடிச்சுட்டுச் சொல்லுதேன்"னேன். அதுக்கு அவங்க, "நீ முடிக்கவும் மாட்ட, சொல்லவும் மாட்ட. படிச்ச வரைக்கும் சொல்லு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சொன்னேன். அன்னைக்கு மினிட் நோட்டுல 'இதர விஷயங்கள்'ங்கிற இடத்துல, 'ஊக்குநர் ஒரு கதை கூறினார்'னு எழுதி வச்சிருக்கோம். தணிக்கைக்கு வந்தவங்க அதை ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாங்க!

அதுல இருந்து கூட்டம் முடிஞ்சதும் கால் மணி நேரம் இதுக்குத்தான். யார் என்ன படிக்கிறாங்க, எது வரைக்கும் வந்திருக்காங்க, அவ்வளவுதான் கேள்வி. முடிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. முடிச்சவங்க 'நல்லா இருந்துச்சு'ன்னு ஒரு வார்த்தையில போயிடுறாங்க. பாதியில நிக்கிறவங்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கு. "இந்த மாமியார் இப்படிச் செய்யலாமா?"ன்னு கோபமா வருவாங்க. நாங்களும் சேர்ந்து கோபப்படுவோம். எங்கள்ல நாலு பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அவங்க கேக்கிற கேள்விக்குத்தான் படிச்ச எங்களுக்குப் பதில் தெரியாம நிக்கிறோம்.

புத்தகத்தையும் கடன் மாதிரித்தான் கொடுக்கிறோம். ஒரு நோட்டு போட்டு, பேர், வாங்கின தேதி, திருப்பின தேதி எழுதுறோம். வட்டி கிடையாது. வாராக்கடன் இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. ஒரு அக்கா மக வீட்டுக்கு எடுத்துட்டுப் போன புத்தகம் ஆறு மாசமா வரல. விசாரிச்சா, மகளோட மாமியார் படிச்சுக்கிட்டு இருக்காங்களாம். அந்தக் கணக்கைத் தள்ளுபடி பண்ணிட்டோம்.

இப்ப நான் செஞ்ச தப்புக்கு வர்றேன்.

ராஜம் கிருஷ்ணன் அம்மா எழுதின 'கரிப்பு மணிகள்'னு ஒரு நாவல். 1979ல வந்தது. தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்கிறவங்களைப் பத்தின கதை. பொன்னாச்சின்னு ஒரு பொண்ணு பிழைப்புக்காக அளத்து வேலைக்கு வர்றா. எழுதினவங்க திருச்சி மாவட்டம் முசிறியில பிறந்தவங்க. 15 வயசுல கல்யாணம் ஆனவங்க, முறையாப் பள்ளிப் படிப்பு கிடையாது. இந்தக் கதைக்காக எங்க பக்கத்துக்கே வந்து அளத்துக்காரங்ககிட்ட பேசி, பழகி எழுதியிருக்காங்க. நம்ம ஊரு, நம்ம வேலை, எல்லாருக்கும் பிடிக்கும்னு நினைச்சு, சொல்றதுக்குப் பதிலா வாரம் கொஞ்சமா சத்தமாவே வாசிச்சேன்.

முதல் ரெண்டு வாரம் அப்படி ஒரு சந்தோஷம். பாத்தி, வாருபலகை, தட்டுமேடுன்னு அச்சுல நம்ம வார்த்தையைக் கேக்கிறப்ப, "இதையெல்லாமா புத்தகத்துல போடுவாங்க!"ன்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க. உப்புத் தண்ணியில நின்னு நின்னு கால் புண்ணாகுறதைப் பத்திப் பேச்சு வந்தப்ப, அவங்க தன் பாதத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாங்க. என் அம்மாவும் 22 வருஷம் அளத்துக்குப் போனவங்கதான். நான் ஒரு நாளும் அவங்க காலைத் திருப்பிப் பாத்தது இல்ல. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பாத்தேன்.

கதை போகப் போக, மேல இருக்கிற ஆம்பளைங்களால வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு வர்ற தொல்லை வருது. நான் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போறேன். தலையைத் தூக்கி யார் முகத்தையும் பாக்கல. திடீர்னு ஒரு அக்கா, "நிப்பாட்டு"ன்னாங்க. நிப்பாட்டினேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. அடுத்த வாரமும் வரல. சேமிப்புப் பணத்தை மட்டும் பையன்கிட்ட கொடுத்து விட்டாங்க.

குழுவில் பாதிப் பேர் என்னைத்தான் திட்டினாங்க. "கூட்டத்துல படிக்கிற விஷயமா அது?"ன்னாங்க. "நடக்காததையா எழுதியிருக்கு?"ன்னு இன்னும் சிலர். எனக்குத் தூக்கம் வரல. ஒரு புத்தகத்தை இன்னொருத்தர்கிட்ட கொடுக்கிறப்ப, அவங்களுக்குள்ள எது கிடக்குன்னு நமக்குத் தெரியாது. நான் யோசிச்சிருக்கணும். குறைஞ்சது, இந்த இடத்துல இப்படி வரும், வாசிக்கவா வேண்டாமான்னு கேட்டிருக்கணும்.

மூணாவது வாரம் அவங்களே வந்தாங்க. வரவு செலவு எல்லாம் முடியுற வரைக்கும் பேசாம இருந்துட்டு, "அந்தப் பொன்னாச்சிக்கு அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க, "எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி அப்படி ஒருத்தன் இருந்தான். எங்க அம்மைகிட்டகூடச் சொன்னது இல்ல." அவ்வளவுதான் சொன்னாங்க. நாங்க மேல கேக்கல. பெரியம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இதைப் பேரவையில சொல்லட்டுமான்னு அவங்ககிட்ட கேட்டேன். "பேரைச் சொல்லாதே, மத்ததைச் சொல்லு"ன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க.

அவங்க விஷயம் காலம் கடந்தது. ஆனா இப்ப வேலைக்குப் போற ரெண்டு சின்னப் பொண்ணுங்க அன்னைக்கு அங்கதான் இருந்தாங்க. மறுநாள் அதுல ஒருத்தி என் வீட்டுக்கு வந்தா. அதுக்கப்புறம்தான், வேலை இடத்துல பெண்களுக்கு வர்ற பாலியல் தொல்லைக்கு 2013லயே ஒரு சட்டம் வந்திருக்குன்னு நாங்க தேடித் தெரிஞ்சுக்கிட்டோம். கூலி வேலைக்கும் அது உண்டு. பத்துப் பேருக்குக் குறைவா வேலை பாக்கிற இடம்னாலும், முதலாளி மேலயே புகார்னாலும், மாவட்டத்துல இருக்கிற புகார்க் குழுகிட்ட போகலாம். நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். எழுதத் தெரியாதவங்களுக்கு எழுத உதவி செய்யணும்னும் சட்டத்துல இருக்கு. அந்தப் பொண்ணோட விஷயம் இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு இங்க சொல்ல முடியாது. அவளுக்குத் துணையா நாங்க 13 பேர் இருக்கோம்.

நாவலை வாசிச்சு முடிச்சோம். 'நிப்பாட்டு'ன்னு சொன்ன அக்காதான் கடைசி வாரம் எல்லாருக்கும் முறுக்கு வாங்கிட்டு வந்தாங்க.

புத்தகத்துக்குக் காசுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு சேர்த்துக் கட்டியிருப்பீங்க. 1948ல வந்த நூலகச் சட்டப்படி நாம கட்டுற வரி அது. அப்ப நூலகம் நம்ம காசுலதான் நடக்குது. போய் உக்காருங்க. எங்க ஊர் நூலகம் பாதி நாள் பூட்டியே கிடந்தது. நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்ட பிறகு நேரத்துக்குத் திறக்குது. ராஜம் கிருஷ்ணன் அம்மாவோட எழுத்தெல்லாம் அரசாங்கம் 2009ல நாட்டுடைமை ஆக்கிடுச்சு. யார் வேணும்னாலும் அச்சுப் போடலாம். போன்லயும் இலவசமாக் கிடைக்குது, மக்கள்கிட்ட சொல்லி எடுத்துக்கோங்க.

இப்ப எங்க குழுவில் ஓடிக்கிட்டு இருக்கிறது 'பாதையில் பதிந்த அடிகள்'. அதே அம்மா எழுதினதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் மணலூர் மணியம்மைன்னு ஒருத்தங்க. சின்ன வயசுல புருஷனை இழந்தவங்க, பிறகு முடியை வெட்டிக்கிட்டு, வேட்டி ஜிப்பா போட்டுக்கிட்டு, வயல் கூலிகளுக்காகப் போராடினவங்க. அவங்க வாழ்க்கையை வச்சு எழுதின நாவல். "வேட்டி கட்டினா ஊர்ல என்ன சொன்னாங்க?"ங்கிற கேள்வியிலயே ரெண்டு வாரம் ஓடிடுச்சு.

நான் தனியாப் படிக்கிறது பாமா எழுதின 'கருக்கு'. 1992ல வந்தது. அவங்க சொந்த வாழ்க்கை, பேசுற தமிழ்லயே எழுதியிருக்காங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கு, காதுல கேட்ட வார்த்தையே வர்றதால பயம் இருக்காது. முப்பது பக்கம்தான் தாண்டியிருக்கேன். சில இடத்துல வாய் விட்டுச் சிரிச்சேன், சில இடத்துல மூடி வச்சுட்டுத் தண்ணி குடிச்சேன்.

பந்தல் ஓரத்துல, சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்துல ஒரு மஞ்சப்பை வச்சிருக்கேன். ஏழு புத்தகம் இருக்கு, நோட்டும் இருக்கு. குழுப் பேர், உங்க பேர், தேதி எழுதிட்டு எடுத்துட்டுப் போங்க. 'கருக்கு' மட்டும் கேக்காதீங்க, அதை நான் இன்னும் முடிக்கல. எது வரைக்கும் வந்திருக்கேன்னு வேணா வந்து கேளுங்க, சொல்றேன்.