பிரசங்க மேடையும் சர்வாதிகாரமும்



பத்திரிகை, பள்ளி, வானொலி, தொழிற்சங்கம் ஆகிய அனைத்தும் ஒரே கட்சியின் கைக்குள் அடங்கிவிட்ட நாட்டில், உண்மையை உரைக்க எந்த இடம் எஞ்சும்? 1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் ஜெர்மனியில் அவ்வாறு எஞ்சி நின்றது தேவாலயத்துப் பிரசங்க மேடை. அந்த மேடை என்ன பேசியது, எங்கே மௌனம் சாதித்தது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை 1933 ஜூலை 20-இல் ஹிட்லர் அரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. வழிபாடும் பள்ளிகளும் காக்கப்படும் என்பது அரசு அளித்த வாக்குறுதி. குருமார் கட்சி அரசியலினின்று விலகியிருப்பர் என்பது அதற்கு ஈடு. வாக்குறுதி காற்றில் பறந்தது. 1937-இல் பாப்பரசர் பதினோராம் பயஸ், ஜெர்மன் மொழியிலேயே ஒரு கண்டனச் சுற்றுமடல் எழுதினார். அது மறைவாக நாட்டுக்குள் கொணரப்பட்டு, இரகசியமாக அச்சிடப்பட்டு, குருத்து ஞாயிறன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது.

புராட்டஸ்டாண்டு சபைக்குள்ளேயே இனவெறி புகுந்தது. யூத குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான போதகர்களைப் பதவியினின்று நீக்க வேண்டுமென ஒரு பிரிவினர் முழங்கினர். அதை எதிர்த்துப் போதகர்களைத் திரட்டியவர் மார்ட்டின் நீமோலர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலை நடத்தியவர். தொடக்கத்தில் ஹிட்லரின் ஆட்சியை வரவேற்றவருங்கூட! 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய எதிர்ப்பாளர்கள், சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என அறிக்கையிட்டனர். 1937-இல் சிறைப்பட்ட நீமோலர் 1945-இல்தான் விடுதலை கண்டார்.

ஆயினும், வீரம் மிக்க அந்தப் பார்மன் அறிக்கையில் துன்புற்ற யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதுவே என் நெஞ்சை உறுத்துவது. தம் உரிமைக்காக எழுந்த குரல், அயலானின் உயிருக்காக எழவில்லை. 1938 நவம்பரில் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிந்தபோதும் பெரும்பாலான மேடைகள் வாய் திறக்கவில்லை. பெர்லினில் பெர்னார்டு லிக்டன்பெர்க் என்ற குரு யூதருக்காக வெளிப்படையாகப் பிரார்த்தித்தார். 1941-இல் கைதான அவர், டாக்கவ் முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் 1943-இல் உயிர் நீத்தார்.

பேசியிருந்தால் பயன் விளைந்திருக்குமோ என நீங்கள் கேட்கலாம். 1941 ஆகஸ்டு 3-ஆம் நாள், முன்ஸ்டர் நகர மேற்றிராணியார் வான் காலன், மனநோயாளிகள் மருத்துவமனைகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்படுவதை மேடையேறிக் கண்டித்தார். உழைக்க இயலாதவரைக் கொல்லலாமெனில், நாளை முதியோருக்கும் ஊனமுற்று மீளும் போர்வீரருக்கும் என்ன கதி என வினவினார். அவ்வுரையின் பிரதிகள் கைக்குக் கை மாறின. அதற்குள் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டிருந்தனர். அம்மாத இறுதிக்குள் ஹிட்லர் அத்திட்டத்தை நிறுத்த உத்தரவிட்டார். கொலைகள் பிறகும் மறைவாகத் தொடர்ந்தன என்பது மெய்யே. எனினும், சர்வாதிகாரியும் மக்களின் முணுமுணுப்புக்கு அஞ்சினான் என்பதும் மெய்யே. அதே வான் காலன், யூதர் நாடு கடத்தப்பட்டபோது அவ்வாறு முழங்கவில்லை.

1945 அக்டோபரில் ஸ்டட்கார்ட் நகரில் புராட்டஸ்டாண்டுத் தலைவர்கள், தாங்கள் போதிய துணிவோடு சாட்சி பகரவில்லை எனத் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அந்த அறிக்கையிலும் யூதர் பெயர் இடம்பெறவில்லை.

மாணவர்களே, நம் வீட்டுக் கதவு தட்டப்படும்போது நாம் எழுவது இயல்பு. அடுத்த வீட்டுக் கதவு உடைக்கப்படும்போது நாம் எழுகிறோமா? இவ்வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி அதுவே.