நடுப்பருவத்தில் பயிற்சியாளரை மாற்றலாமா?

ஒரு கால்பந்துக் கழகம் தொடர்ந்து தோற்கிறது. புள்ளிப் பட்டியலில் அதன் இடம் வாரந்தோறும் கீழே இறங்குகிறது. ஆட்டப் பருவமோ இன்னும் பாதிதான் கடந்திருக்கிறது. அப்போது மைதானத்துப் படிகளிலிருந்து ஒரு குரல் எழுகிறது: "பயிற்சியாளரை மாற்றுங்கள்!" மறுநாள் காலையில் அக்குரல் மின்சார ரயிலிலும், அலுவலகத்திலும், தேநீர்க் கடையிலும் கேட்கிறது. இங்கிலாந்தில் மானேஜர் என்றும், நம் நாட்டில் தலைமைப் பயிற்சியாளர் என்றும் அழைக்கப்படும் அம்மனிதரைப் பருவத்தின் நடுவிலேயே மாற்றுவது தகுமா, பயன் தருமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கொல்கத்தாவிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது எங்கோ தொலைவில் நடக்கும் காரியமன்று. வாழவந்த ஊரின் கழகம் ஒருபுறம், பிறந்த மண்ணின் சென்னைக் கழகம் மறுபுறம் என்று இரண்டு பற்றுகளைச் சுமந்துகொண்டு ஆட்டம் பார்ப்பவர்கள் உங்களில் பலர். ஆகவே சென்னையிலிருந்தே தொடங்குவோம்.

இந்தியன் சூப்பர் லீக் 2014-ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் சென்னையின் எஃப்.சி. என்னும் கழகம் 2018 மார்ச் 17 அன்று பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா அரங்கிலேயே பெங்களூர் அணியை 3-2 என்ற கோல் கணக்கில் வென்று வாகை சூடியது. அப்போது பயிற்சியாளர் இங்கிலாந்து நாட்டவரான ஜான் கிரிகரி. அடுத்த பருவத்தில் நடந்தது என்ன? 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, மொத்தம் 9 புள்ளிகள், பட்டியலில் கடைசி இடம். அவ்வளவு வீழ்ச்சியிலும் கழகம் கிரிகரியை நீக்கவில்லை. பொறுத்தது. அதற்கடுத்த 2019-20 பருவம் தொடங்கியதும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட விழவில்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்தே புள்ளிகள். நவம்பர் இறுதியில் கிரிகரியும் கழகமும் பிரிந்தனர். டிசம்பரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் வந்தார். எஞ்சிய 12 ஆட்டங்களில் அதே அணி 24 புள்ளிகள் சேர்த்தது. நான்காம் இடம் பெற்று, அரையிறுதியில் கோவாவை வீழ்த்தி, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டம் வரை சென்றது. கொரோனா அச்சத்தால் ரசிகர் எவருமில்லாத கோவா அரங்கில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றதே தவிர, அதன் எழுச்சியை ஒருவரும் மறுக்க இயலாது.

"பார்த்தீர்களா, மாற்றியதால்தானே பிழைத்தது!" என்று நீங்கள் சொல்லக்கூடும். சற்றுப் பொறுங்கள். அதே சென்னைக் கழகம் 2022 பிப்ரவரியில் பாந்தோவிச் என்ற பயிற்சியாளரை நடுப்பருவத்தில் விலக்கியது. பருவம் முடிந்தபோது 11 அணிகளில் எட்டாவது இடமே கிடைத்தது. ஒரே கழகம், ஒரே மருந்து. ஒருமுறை நோய் தீர்ந்தது, மறுமுறை தீரவில்லை.

இன்னொரு மனிதரின் வரலாற்றைப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டவரான கார்லெஸ் குவாத்ராத் 2018-19 பருவத்தில் பெங்களூருக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர். 2021 ஜனவரியில், தொடர்ந்து மூன்று தோல்விகளுக்குப் பின், அவரும் பெங்களூர்க் கழகமும் பிரிந்தனர். அந்தப் பருவத்தில் பெங்களூர் ஏழாம் இடத்தில் முடிந்தது. அரையிறுதிக்குச் செல்லவில்லை. குவாத்ராத் பின்னர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்று, பல்லாண்டுகளாகத் தேசியக் கோப்பை காணாதிருந்த அக்கழகத்தின் ரசிகர்களை மகிழ்வித்தார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றதும், அவர் பதவி விலகினார். அவருக்குப் பின்னும் தோல்வி நிற்கவில்லை; முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வியாகவே முடிந்தன. பிறகு ஆஸ்கார் புரூசோன் அணியை ஓரளவு நிலைநிறுத்தினார். ஆயினும் முந்தைய பருவத்தில் ஒன்பதாம் இடத்தில் இருந்த ஈஸ்ட் பெங்கால், அந்தப் பருவத்திலும் ஒன்பதாம் இடத்திலேயே முடிந்தது.

இதற்கு நேர்மாறான சான்றும் அதே கொல்கத்தாவில் உண்டு. 2023 டிசம்பரில் மோகன் பகான் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. முந்தைய பருவத்தில் கோப்பை வென்று தந்த ஹுவான் ஃபெராண்டோவை ஜனவரியில் விலக்கி, அந்தோனியோ ஹபாஸிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 2024 ஏப்ரல் 15 அன்று மும்பை அணியை 2-1 என வென்று லீக் முதலிடத்துக்குரிய கேடயத்தைக் கைப்பற்றியது. மே மாதத்தில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை 3-1 எனப் பழி தீர்த்துக்கொண்டது. அந்த மும்பை அணியும் பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் மாறிய அணியே. அதன் டெஸ் பக்கிங்ஹாம் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்து சென்றுவிட, பீட்டர் கிராட்கி பொறுப்பேற்றிருந்தார்.

இவ்வாறு இருபுறமும் சான்றுகள் நிற்கும்போது நாம் எதை நம்புவது? நெதர்லாந்தின் பொருளியல் அறிஞர் பாஸ் தெர் வேல் இதை ஆராய்ந்திருக்கிறார். 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல்தர லீக்கில் பயிற்சியாளரை நீக்கிய கழகங்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் ஆட்டம் பின்னர் தேறியது உண்மையே. ஆனால் அதே அளவுக்குச் சரிவுற்றும் பயிற்சியாளரை நீக்காத கழகங்களை ஒப்பிட்டபோது, அவையும் அவ்வாறே தேறியிருந்தன! காரணம் எளிது. காயமுற்ற வீரர் குணமாகி வருகிறார். வலிய எதிரிகளுடனான ஆட்டங்கள் கழிந்து எளிய ஆட்டங்கள் வருகின்றன. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே செல்லத் தொடங்குகிறது. சாதாரணக் காய்ச்சல் உச்சத்துக்கு ஏறிய பின் தானே தணிவதுண்டு. உச்சியில் இருக்கும்போது வைத்தியரை மாற்றினால், தணிந்த பெருமை புதிய வைத்தியருக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அதுவும் என் கருத்தன்று. மாற்றுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்பதே என் வாதம்.

முதற் கேள்வி: குறை பயிற்சியாளரின் கைக்கு உட்பட்டதா? அணிவகுப்பு, ஆட்டமுறை, வீரர்களின் ஊக்கம் ஆகியவை அவர் கையில் உள்ளவை. ஆள் சேர்ப்பில் நிர்வாகம் செய்த தவறும், வாங்காத கோல்காப்பாளரும், தாமதமான சம்பளமும் அவர் கையில் இல்லை. சென்னையில் 2019-இல் மாற்றம் பலித்ததன் காரணம் இதுவே. அணியில் ஆள் இருந்தார்கள். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸும் பிரேசிலின் கிரிவெல்லாரோவும் கிரிகரியின் காலத்திலேயே சேர்க்கப்பட்டவர்கள். காயில் அவர்களைத் தாக்கும் ஆட்டத்துக்கு அவிழ்த்துவிட்டார். வால்ஸ்கிஸ் அப்பருவத்தில் 15 கோல்கள் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசைப் பெற்றார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர். விதையே இல்லாத நிலத்தில் புதிய உழவர் வந்து என்ன செய்வார்?

இரண்டாம் கேள்வி: அடுத்தவர் யார்? ஹபாஸ் மோகன் பகானுக்கு அந்நியரல்லர். கழகத்தின் உள்ளேயே இருந்தவர். 2021 ஜனவரியில் வடகிழக்கு ஐக்கிய அணி ஜெரார்ட் நூஸை விலக்கியபோது, அந்த அணியை அறிந்த காலித் ஜமீலிடம் பொறுப்பு வந்தது. அதன்பின் லீக் ஆட்டங்களில் அவ்வணி தோற்கவேயில்லை, அரையிறுதிக்குச் சென்றது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. வேலையை ஒப்படைப்பது பின்னது. முதலில் நீக்குவோம், பிறகு தேடுவோம் என்பது அந்த வரிசையையே தலைகீழாக்குவது.

மூன்றாம் கேள்வி: காலம் மிச்சமிருக்கிறதா? காயிலுக்குப் 18 ஆட்டங்களில் 12 கிடைத்தன. கடைசி நான்கைந்து ஆட்டங்களில் வருபவர் வீரர்களின் பெயரையும் பழக்கத்தையும் அறியுமுன் பருவம் முடிந்துவிடும். வெளிநாடுகளில் கடைசி இடம் பெறும் கழகம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். அந்த அச்சத்தில் அவசரம் பிறப்பது இயல்பு. இந்தியன் சூப்பர் லீக்கிலோ 2024-25 பருவம் முடிய எக்கழகமும் அவ்வாறு தள்ளப்பட்டதில்லை. அந்த அச்சமில்லாத இடத்தில் பொறுமைக்கு இன்னும் சற்று இடமுண்டு.

இம்மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் தயங்காமல் மாற்றலாம். உதவாத ஆட்டமுறையைப் பருவம் முழுவதும் சகித்துக்கொள்வது, காசு கொடுத்து அரங்குக்கு வரும் ரசிகனுக்குச் செய்யும் அநீதி. ஒன்றுக்கேனும் 'இல்லை' என்ற விடை வந்தால், பருவம் முடியட்டும்; பிறகு நிதானமாக எடைபோடலாம்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. நடுப்பருவ மாற்றத்தில் நாற்காலி காலியாகும்போதுதான் பெரும்பாலும் நம் நாட்டுப் பயிற்சியாளருக்கு அழைப்பு வந்திருக்கிறது. பெங்களூரில் நௌஷாத் மூசா, சென்னையில் நம் சையத் சாபிர் பாஷா, கொல்கத்தாவில் பினோ ஜார்ஜ், 2024 டிசம்பரில் கொச்சியில் புருஷோத்தமன் என்று இவர்கள் யாவரும் 'இடைக்காலம்' என்ற அடைமொழியுடன் வந்தவர்கள். வீடு தீப்பற்றிய பிறகு கையில் ஒரு குடம் நீரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, முழுதும் அணைக்கவில்லை என்று குறை கூறுவது நேர்மையாகுமா? காலித் ஜமீல் ஒருவர் அந்தக் குடத்தாலேயே தீயை அணைத்தார். 2021 அக்டோபரில் நிரந்தரப் பொறுப்பும், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவியும் பெற்றார். பருவத்தின் தொடக்கத்திலேயே, ஆள் சேர்க்கும் உரிமையோடு வாய்ப்பளித்திருந்தால் இன்னும் எத்தனை ஜமீல்கள் தோன்றியிருப்பார்களோ!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் பழமொழி. தோல்வி வரும்போது மைதானத்தின் ஓரத்தில் எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும்படி நிற்பவர் பயிற்சியாளர். ஆள் சேர்த்தவர்களும், பணத்தை ஒதுக்கியவர்களும், ஈராண்டில் மூவரை மாற்றியவர்களும் கண்ணாடி அறைக்குள் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு தலையை உருட்டினால் ரசிகனின் சினம் தணியும், கேள்விகள் ஓயும் என்று கருதும் நிர்வாகம், அடுத்த பருவத்தின் தோல்வியையும் அன்றைக்கே எழுதிவிடுகிறது.

ஆகையால் நேயர்களே, உங்கள் கழகம் தோற்கும்போது குரல் எழுப்புங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் "யாரை நீக்கப்போகிறீர்கள்?" என்று கேட்குமுன், "எது பழுது? யார் வருகிறார்? எத்தனை ஆட்டம் மீதி?" என்று கேளுங்கள். நிர்வாகிகள் அதற்கு நேராக விடை சொல்லட்டும். விடை சொல்ல முடியாதவர்களுக்கு ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைக்கும் தகுதியும் இல்லை. விலக்கத்தான் வேண்டுமென்றால், கோப்பை தந்த நாளில் தோளில் தூக்கியவரைத் தோற்ற நாளிலும் மரியாதையோடு வழியனுப்புங்கள். அடுத்து வரப்போகிறவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.