நரம்பைக் காட்டும் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நரம்பு நோய்க்குப் "பெரிய ஸ்கான்" எடுத்தாற்றான் விமோசனம் என்று எண்ணி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படம் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதே இன்றைய என் பேச்சு.

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையும் முண்ணாணும் நன்கு தெரியும். கைகால்களுக்கு ஓடும் மெல்லிய நரம்புகளோ தசையோடும் கொழுப்போடும் கலந்து மறைந்துவிடும். கொழுப்பின் ஒளியை அடக்கி நரம்பைத் துலக்கிக் காட்டும் முறையை ஏறன் பில்லர் முதலியோர் 1993 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் வெளியிட்டனர். இதற்கு 3 டெஸ்லா வலுவுள்ள காந்தம் சிறந்தது. காந்தம் மட்டும் போதாது. கூடுதல் நேரம் வேண்டும், படத்தை வாசிக்கத் தேர்ந்த நிபுணரும் வேண்டும். செலவு ஏறுவதும் கிடைத்தற்கு அரிதாவதும் இதனாலேயே. வாசிப்பார் இல்லையேல் கொடுத்த பணம் வீண்.

விரல் மரத்துப்போகும் மணிக்கட்டு நோய்க்கு இது பெரும்பாலும் வேண்டியதில்லை. வைத்தியரின் நேர்ப் பரிசோதனையும், நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் சோதனையும் அநேகமாகப் போதும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து தோளடிபட விழுந்து, கை தூக்க முடியாது போன இளைஞனின் நிலை வேறு. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்பின் வேர் முண்ணாணிலிருந்தே பிய்ந்திருந்தால் அது தானாக ஒட்டாது. இழுபட்டது மட்டுமாயின் தானே தேறலாம். இவ்விரண்டையும் பிரித்தறியப் படம் பெருந்துணை. சத்திரசிகிச்சை வேண்டுமாயின் 3 முதல் 6 மாதங்களுக்குள் செய்வது நலம். நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே வளரும். ஓராண்டு, ஒன்றரையாண்டு வீணே கழிந்தால், அது வந்து சேரும்போது தசை உயிர்ப்பிழந்திருக்கும். "காசு சேரட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பது கையையே பணயம் வைப்பதாகும். (தலைக்கவசம் தோளைக் காவாது என்பதையும் இளைஞர்கள் நினைவிற்கொள்க.)

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆயினும் படத்துக்குத் தவணை கிடைக்க நாட்செல்லலாம். முதலில் நிபுணரைக் கண்டு, "இந்தப் படத்தால் என் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறுமெனின், விபத்து நடந்த திகதியையும் அவசரத்தையும் கடிதத்தில் குறித்துத் தரும்படி வேண்டுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். கொழும்புக்குச் செல்ல நேரும் ஏழை நோயாளிக்குப் படச்செலவு மட்டுமா? துணைக்கு ஒருவர், தங்க ஓரிடம், மறுமுறை போகப் பஸ் காசு, எல்லாமே வேண்டும். விழாச் சோடனைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கெனத் தனியே வைக்குமாறு நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவரவும் ஆயத்தமாயிருக்கிறேன்.