குருதி காக்கும் நினைவு

திருகோணமலை உட்துறைமுகத்துக்குத் தெற்கே, தம்பலகாமக் குடா கொட்டியாரக் குடாவோடு கலக்கும் நீர்முகத்தைக் கடந்தால் கிண்ணியா. 2009ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ என்று வழங்கும் மிதவையிலேறித்தான் மக்கள் அக்கரை சேர்ந்தனர். கடற்றொழிலும் நெற்செய்கையும் வணிகமும் இவ்வூரார்க்குச் சீவனம். 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வூரின் பெயர் இலங்கை எங்கணும் அச்சத்தோடு பேசப்பட்டது. தெருத்தெருவாக டெங்குக் காய்ச்சல் பரவிற்று. வைத்தியசாலை நோயாளரால் நிரம்பி வழிந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. உயிர்களும் பிரிந்தன. அவ்வாண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் சூலை ஏழாந் திகதி வரையில் நாடு முழுவதிலும் 80,732 பேர் நோயுற்றனர் என்றும், 215 பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார தாபனம் அறிவித்தது.

டெங்கு இந்நாட்டுக்குப் புதிய நோயன்று. அவ்வாறாயின் அவ்வாண்டில் மட்டும் அது இத்துணை மூர்க்கங் கொண்டது எதனால்? மழையும் வெள்ளமும் நுளம்பு பெருகியதும் காரணங்களே. அவற்றோடு மற்றொரு காரணமும் சேர்ந்தது. டெங்கு வைரசு ஒன்றன்று, நான்கு வகைப்பட்டது. 2009ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலே பெரிதும் உலவியது முதலாம் வகை; இரண்டாம் வகை அரிதாகவே காணப்பட்டது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்விரண்டாம் வகை மீண்டும் தலைதூக்கி, முதலாவதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதலாம் வகையை முன்னர் கண்ட உடல்களும், எதனையுமே காணாத உடல்களும் ஒருங்கே அதற்கு இரையாயின.

சின்னமுத்து ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வருவதில்லை என்பதைத் தாய்மார் யாவரும் அறிவர். நோயைக் கண்ட உடல் அதனை நினைவில் வைத்துக்கொள்கிறது; மறுபடி வந்தால் வாயிலிலேயே மறித்துவிடுகிறது. இதனையே நிர்ப்பீடனம் என்கிறோம். தடுப்பூசி என்பதும், நோயைத் தராமலே அந்நினைவை உடலுக்கு ஊட்டும் உபாயமேயாகும். டெங்குவிலோ இந்நினைவு இருபுறமும் கூரிய வாளாக இருக்கின்றது. ஒரு வகையால் நோயுற்றவர் அவ்வகைக்கு நெடுங்காலம் அஞ்சவேண்டியதில்லை. பிறிதொரு வகை அவரைத் தாக்குமாயின், முதன்முறையினும் இரண்டாம் முறையிலேயே நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி.

இப்புதிரை விளங்கிக்கொள்ள உடலின் இருவகைக் காவலை அறிதல் வேண்டும். முதலாவது, குருதியிற் கலந்து திரியும் பிறபொருளெதிரிகள். இவை கலங்களுக்கு வெளியே உலவும் வைரசைப் பற்றிப் பிடித்து முடக்குவன. முதலாம் வகை வைரசுக்கென உருவான பிறபொருளெதிரி இரண்டாம் வகையைச் சந்திக்கும்போது அதனை அரைகுறையாகவே அடையாளங் காண்கிறது; பற்றுகிறது, ஆயினும் முடக்க வலியற்றிருக்கிறது. அவ்வாறு பற்றப்பட்ட வைரசைக் குருதியின் விழுங்கு கலங்கள் சில உள்ளே இழுத்துக்கொள்ள, வைரசு அங்கேயே பெருகத் தொடங்குகிறது. துறைமுக வாயிலிலே பகைக் கப்பலைத் தடுக்கவேண்டிய வழிகாட்டிப் படகு, அக்கப்பலைத் தானே உள்ளே அழைத்துவருவதை ஒத்தது இது.

இரண்டாவது காவல் ரி கலங்களுடையது. நெஞ்சறையிலே அமைந்த தைமசு என்னும் சுரப்பியில் இவை முதிர்ச்சியடைவதால் அச்சுரப்பியின் முதலெழுத்தையே பெயராகப் பெற்றன. நெடுங்காலம் பயனற்றதென எண்ணப்பட்ட அச்சுரப்பியின் பணியை 1961ஆம் ஆண்டில் இலண்டனிலே வெளிப்படுத்தியவர் ஜாக் மில்லர். வைரசு ஒரு கலத்தினுள் புகுந்துவிட்டால் பிறபொருளெதிரி அதனை எட்டமுடியாது. அக்கலமோ தன்னுள்ளே ஆகும் புரதங்களின் துணுக்குகளை ஏந்துபுரதங்களின் மேல் வைத்துப் புறத்தே காட்டுகிறது. அத்துணுக்கைக் கண்டு, இக்கலம் பகைவன் வசப்பட்டது என உணர்ந்து அதனை அழிப்பது ரி கலத்தின் தொழில். இவ்வுண்மையை நிலைநாட்டிய பீற்றர் டொகேட்டி, ரொல்வ் சிங்கெர்நாகல் என்னும் இருவருக்கும் 1996ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

டெங்குவிலே ரி கலங்கள் நன்மை செய்வனவா, தீமை செய்வனவா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. முதல் நோயின்போது பழகிய ரி கலங்களே இரண்டாம் நோயிலும் முந்திக்கொண்டு, வைரசைக் கொல்லமாட்டாமல் வீணே அழற்சியை மூட்டுகின்றன என்று கருதியோர் பலர். அவ்வெண்ணத்தை மாற்றுவதிற் பெரும்பங்கு கொண்டது இலங்கை மக்களின் குருதியே. கொழும்பிலுள்ள தேசிய குருதி நிலையத்துக்குக் குருதி வழங்கிய நலமுள்ள மாந்தரின் கொடையை, ஜெனெடெக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அருண தர்சன் டி சில்வாவும், கலிபோர்னியாவின் லா ஹோயா நிறுவனத்தைச் சேர்ந்த டானியேலா வைஸ்கொப், அலெசாண்ட்ரோ செற்றே ஆகியோரும் ஆராய்ந்தனர். அவர்களில் மிகப் பலர் டெங்குவை ஒருமுறையோ பலமுறையோ கண்டவர்கள். பெரும்பாலும் அது தம்மைத் தீண்டியதையே அறியாதவர்கள். 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: நோயின் கடுமையிலிருந்து காக்கும் ஏந்துபுரதங்களைப் பரம்பரையாகப் பெற்றவர்களிடத்திலேயே ரி கலங்களின் வினை வலிமையும் பன்மையும் உடையதாக இருந்தது. வலிமையான ரி கலங்கள் காவலர்களே என்னும் கருத்து இதனால் உறுதி பெற்றது.

நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தவர்களின் குருதியை ஆராய்ந்தவர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நீலிகா மளவிகே. ஒக்ஸ்போட்டிலே கொப்புளிப்பான் வைரசுக்கெதிரான ரி கலங்களைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றபின், தாயகந் திரும்பி டெங்குவை எடுத்துக்கொண்டார். இன்ரலூக்கின்-10 என்னும் பொருள் உடலின் எதிர்ப்பை அடக்கும் தன்மையது. கடுமையான டெங்குவுற்றோரின் குருதியில் அது மிகுந்திருப்பதையும், அது மிகுந்தவிடத்து ரி கலங்கள் சோர்ந்திருப்பதையும், அதனைத் தடுத்தவிடத்து அவை மீண்டும் வினைபுரிவதையும் அவரும் அவர் குழுவினரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொவிட் நோய்க்கென இலங்கையர்க்கு 2021ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட தடுப்பூசிகள் பிறபொருளெதிரியை எவ்வளவு, ரி கலங்களை எவ்வளவு எழுப்பின என்று அளந்து கூறியதும் இவ்வாய்வுகூடமே.

இவ்வாய்வுகளாற் பயன் என்ன என்று வினவுவோர்க்கு பிலிப்பைன்சு நாட்டின் கதை விடை சொல்லும். உலகின் முதலாவது டெங்குத் தடுப்பூசியான டெங்வாக்சியா 2015ஆம் ஆண்டு டிசம்பரில் உரிமம் பெற்றது. 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் பிலிப்பைன்சு அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதனை ஏற்றத் தொடங்கியது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதனைப் பெற்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பரில், முன்னர் டெங்குவையே காணாத பிள்ளைக்கு இவ்வூசி பிற்காலத்தில் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று அதனை ஆக்கிய சனோபி நிறுவனம் அறிவித்தது. அத்தகைய பிள்ளைக்கு ஊசியே முதல் நோய் போலாகி, பின்னர் வந்த மெய்யான நோய் இரண்டாவது போலானது. இவ்வூசியின் அமைப்பையும் நோக்கவேண்டும். மஞ்சட் காய்ச்சல் வைரசின் உட்புரதங்களுக்கு டெங்குவின் மேலுறையைப் போர்த்தியது அது. கொல்லும் ரி கலங்கள் பெரிதும் நாடுவன டெங்குவின் உட்புரதங்களையே. அவை அவ்வூசியில் இல்லை. பிறபொருளெதிரிக்குப் பாடம் கிடைத்தது. ரி கலத்துக்குக் கிடைத்த பாடமோ பிறிதொரு நோயினது. தீங்குக்கு இதுவே முழுக் காரணம் என்று எவரும் நிறுவிவிடவில்லை. ஆயினும் புறக்கணிக்கத்தக்க குறையன்று.

அதனால் விளைந்த பெருநட்டம் நம்பிக்கையின் நட்டமாகும். தடுப்பூசி முக்கியமானது என்பதை உறுதியாக ஏற்றோர் அந்நாட்டில் 2015ஆம் ஆண்டு நூற்றுக்கு 93 பேர். 2018ஆம் ஆண்டு 32 பேர். 2019ஆம் ஆண்டில் அங்கே சின்னமுத்து பெருகிப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று.

பின்னர் வந்த டக்கேடா நிறுவனத்தின் ஊசி, நலிவாக்கப்பட்ட இரண்டாம் வகை டெங்கு வைரசையே அடித்தளமாகக் கொண்டது. ஆகவே டெங்குவின் உட்புரதங்களும் அதில் உள்ளன. எட்டு நாடுகளில், 4 முதல் 16 வயது வரையான இருபதினாயிரம் பிள்ளைகளிடம் அது சோதிக்கப்பட்டது. அவ்வெட்டு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நாலரை ஆண்டு நோக்கியதில், வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நோயை அது நூற்றுக்கு 84 அளவில் குறைத்தது. எனினும் முன்னர் டெங்குவைக் காணாத பிள்ளைகளுக்கு மூன்றாம் வகையிலிருந்து காப்புத் தெளிவாகப் புலப்படவில்லை. நான்காம் வகையைப் பற்றித் துணிந்து கூறப் போதிய நோயாளர் இல்லை. நோய் மிகுந்து பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதினர்க்கு இதனை வழங்கலாம் என்று உலக சுகாதார தாபனம் பரிந்துரைத்திருக்கிறது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் ஒரு தாய்க்கு இவையெல்லாம் தொலைவான செய்திகள் அல்ல. அவள் பிள்ளை முன்னர் டெங்குவைக் கண்டதா இல்லையா என்பதும், கண்டது எவ்வகை என்பதும், ஊசி அப்பிள்ளையின் ரி கலங்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதும் உயிரோடு தொடர்புற்ற வினாக்கள். 1993ஆம் ஆண்டின் பின் இளம்பிள்ளை வாதத்தைக் காணாத நாடு இலங்கை. தடுப்பூசியின் மீது பெற்றோர் வைத்த நம்பிக்கை தந்த பேறு அது. ஒரு புதிய ஊசியின் அவசரத்தால் அந்நம்பிக்கையைப் பணயம் வைக்கலாகாது. ஐயத்தின் பேரால் நல்ல ஊசியைப் புறந்தள்ளவுங் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே வழிகாட்டவல்லது, இந்நாட்டவரின் குருதியை இந்நாட்டிலேயே பொறுமையோடு ஆராயும் அறிவு.

அதுவரையும், அதற்குப் பின்னரும், நுளம்பை ஒழிப்பது ஒழியாக் கடமை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆராய்ந்த ரஞ்சன் இராமசாமியும் சுரேந்திரனும் பிறரும், டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமன்றி உவர்கலந்த நீரிலும் பெருகுவதை 2011ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கடலோரத்தில் எறியப்பட்ட சிரட்டையும் ஓட்டைத் தோணியும் அதற்குத் தொட்டிலாகும். கொட்டியாரக் குடாவின் கரையில் வாழ்வோர் தம் முற்றத்தையும் கரையையும் ஒருசேர நோக்குதல் நன்று.