கடல் கடந்த சந்தையும் கைப்பொருளும்



காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே, கடல் வழியே வந்திறங்கிய பண்டங்களும் கடல் வழியே செல்லக் காத்திருந்த பண்டங்களும் குவிந்து கிடந்தன என்றும், சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது புலி முத்திரை பொறித்தனர் என்றும் பட்டினப்பாலை நமக்குக் கூறுகிறது. ஆகவே, பிறநாட்டுப் பொருளை வாங்குவதும், அதற்குச் சுங்கம் செலுத்துவதும் தமிழருக்குப் புதியன அல்ல. புதியது ஒன்றே ஒன்றுதான். அன்று வாங்குபவன் துறைமுகத்துக்குப் போனான். பொருளைக் கையால் தொட்டான். விற்பவனுடைய முகத்தைப் பார்த்தான். இன்று அத்துறைமுகம் கைப்பேசிக்குள்ளே வந்துவிட்டது. பொருளுக்குப் பதிலாக அதன் படத்தைப் பார்க்கிறோம். முகத்துக்குப் பதிலாக ஒரு பெயரைப் பார்க்கிறோம். இத்தகைய சந்தையில் கைப்பொருளை இழக்காமல் வாங்குவது எவ்வாறு என்பது குறித்து இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் வணிகம் கற்றவன் அல்லன். பள்ளியாசிரியனாகப் பணி தொடங்கி, இறுதிக் காலத்தில் ஜவ்வாது மலையில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மலையில் சாமை விளைகிறது. தேனும் புளியும் கிடைக்கின்றன. அங்கு வாழும் மலையாளி மக்கள் சந்தையில் எவ்வளவு நிதானமாகப் பொருள் வாங்குவார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். மண்வெட்டி வாங்க வந்தவர் அதைத் தட்டி ஓசை கேட்பார்; தூக்கிக் கனம் பார்ப்பார்; அடுத்த கடையிலும் விலை கேட்ட பின்னரே மடியை அவிழ்ப்பார். அவரிடம் சாமை வாங்க வந்த வியாபாரியும் அப்படியே. ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்த பின்னரே விலை பேசுவார். தொட்டுப் பார்த்தும், தட்டிப் பார்த்தும், கேட்டுப் பார்த்தும் வாங்கிய மக்கள் நாம். இம்மூன்றுக்கும் இடமில்லாத சந்தையில் நம்மிடம் எஞ்சியிருப்பது படித்துப் பார்த்தல் ஒன்றே. அதையும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றையே சான்றாகக் கூறுகிறேன்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு விண்ணோக்கு நிலையம் இருப்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். விண்ணியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1972-ஆம் ஆண்டில், அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் ஜெய்ஸ் தொழிற்சாலையில் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. 1977-ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் வெளிப்பட்டபோது, அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அயல்நாட்டுப் பொருளை அறிந்து வாங்கினால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த நிலையத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த சிறுவன் ஒருவனுக்குத் தானும் ஒரு தொலைநோக்கியில் சந்திரனைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை உண்டாயிற்று. அவனுடைய அண்ணன் என் பழைய மாணவன். தேன் எடுத்தும் கூலி வேலை செய்தும் குடும்பத்தைக் காப்பவன். ஒரு நாள் மாலை அவன் கைப்பேசியுடன் என்னிடம் வந்தான். "ஐயா, இது வெளிநாட்டுச் சந்தையிலே இருக்குதுங்க. ஆங்கிலத்திலே போட்டிருக்குது. நீங்க படிச்சுப் பார்த்து வாங்கலாமான்னு சொல்லுங்க" என்றான். படத்தில் நீண்ட குழாயும் முக்காலியுமாக ஓர் அழகிய கருவி காணப்பட்டது. பொருளை 500 மடங்கு பெரிதாக்கும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. விலை 4,300 ரூபாய். அனுப்பும் கூலி 1,100 ரூபாய். நான் பெரிய எழுத்தைப் படித்தேன், படத்தைப் பார்த்தேன், "மலிவாகத்தான் இருக்கிறது, வாங்கு" என்று கூறிவிட்டேன்.

ஆறு வாரங்கள் கழித்துப் பார்சல் வந்தது. தபால்காரர் சுங்க வரியாக 2,000 ரூபாய்க்கு மேல் கேட்டார். கடன் வாங்கிக் கொடுத்துப் பிரித்தால், உள்ளே இருந்தது ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். சிறுவன் அழவில்லை. அதைச் சந்திரனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, வெறுங்கண்ணாலே பார்த்தா இதைவிட நல்லாத் தெரியுது" என்றான். அச்சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

பிறகுதான் அந்தப் பக்கத்தை நான் முழுவதும் படித்தேன். குழாயின் நீளம் 18 சென்டிமீட்டர் என்றும், கண்ணாடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்றும் சிறிய எழுத்தில் எழுதியே இருந்தது. தொலைநோக்கிக்கு விட்டமே உயிர். காவலூர்க் கருவிகளை 1 மீட்டர் என்றும் 2.34 மீட்டர் என்றும் ஆடியின் விட்டத்தைக் கொண்டே அழைக்கிறார்கள். எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று எவரும் கூறுவதில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் சென்டிமீட்டரைக் கற்பித்த நான், வேண்டிய நேரத்தில் சென்டிமீட்டரைப் படிக்கவில்லை. திருப்பியனுப்பலாமென்று விற்பவர் பதில் எழுதினார். ஆனால் அதற்கான கூலி பொருளின் விலைக்குமேல் இருந்தது. பிழை அந்த இளைஞனுடையதன்று, என்னுடையது.

அன்று முதல், யார் கேட்டாலும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிய பின்னரே பணம் கட்டுமாறு கூறுகிறேன். முதல் வினா: விற்பவர் யார்? இரண்டாம் வினா: என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்த விலை என்ன? மூன்றாம் வினா: தவறு நேர்ந்தால் எவரிடம் கேட்பது?

முதல் வினாவை நோக்குவோம். சந்தை வேறு, சந்தையில் கடை விரித்தவர் வேறு. சந்தை புகழ் பெற்றது என்பதனால் ஒவ்வொரு கடைக்காரரும் நேர்மையானவர் ஆகிவிடமாட்டார். அவர் எத்தனை காலமாக விற்கிறார், வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புகழ்ந்து எழுதியவற்றைக் காட்டிலும் குறை கூறி எழுதியவை நமக்கு அதிகம் கற்பிக்கும். வாங்கியவர்களே எடுத்துப் போட்ட படங்கள், விற்பவர் போட்ட படத்தைவிட உண்மை பேசும். சந்தைக்கும் நம் நாட்டில் இயங்க அனுமதி உண்டா என்று அறிய வேண்டும். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று மத்திய அரசு 43 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் அலிஎக்ஸ்பிரஸ் என்னும் பெருஞ்சந்தையும் ஒன்று.

பொருளும் தடையற்றதாக இருத்தல் வேண்டும். ட்ரோன் எனப்படும் பறக்கும் படக்கருவியை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சில விலக்குகள் தவிர, அதன் இறக்குமதி தடுக்கப்பட்டது. நம் மலை விவசாயிகளுக்கு இன்னொன்றும் கூறுவேன். அழகிய படத்தைக் கண்டு அயல்நாட்டு விதைகளை வரவழைக்காதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி, விதைகளுக்கு இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் தேவை. 2020-ஆம் ஆண்டில் பல நாடுகளில், கேளாமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தபோது, நம் வேளாண்மை அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. அழகுக்காக ஆங்கிலேயர் கொணர்ந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளில் புதர்புதராகப் படர்ந்திருப்பதைக் காண்பவர்க்கு, இந்த எச்சரிக்கையின் பொருள் எளிதில் விளங்கும்.

இரண்டாம் வினா, மொத்த விலை. பக்கத்தில் காணும் விலை தலைவாசல் மட்டுமே. அனுப்பும் கூலி, வங்கி வாங்கும் நாணய மாற்றுக் கட்டணம், சுங்க வரி ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சுங்க விகிதம் அரசின் வரவு செலவுத் திட்டத்தையொட்டி மாறக்கூடியது. ஆதலின் வாங்கும் நாளில் உள்ள விகிதத்தையே கேட்டறிக. "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறேன், வரி விழாது" என்று விற்பவர் கூறினால் நம்பாதீர்கள். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. மின்கருவியாயின் இன்னொரு கணக்கும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். அந்நாட்டு மின்சாரத்துக்கு மட்டும் செய்த கருவியை நம் வீட்டில் செருகினால், அது கருகுவதைத் தவிர வேறு பயன் இராது.

மூன்றாம் வினா, எவரிடம் கேட்பது. பணத்தைச் சந்தையின் வழியாகவே செலுத்துங்கள். "சந்தைக்கு வெளியே, என் கணக்குக்கு நேரே அனுப்பினால் விலை குறைப்பேன்" என்பவரோடு பேச்சை முடித்துவிடுங்கள்; வெளியே சென்ற பணத்துக்குச் சந்தை பொறுப்பேற்காது. பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் படம் பிடித்து வையுங்கள். பொருளைச் சோதிக்குமுன் 'கிடைத்தது' என்று ஒப்புதல் கொடுக்காதீர்கள். முறையிடுவதற்கென்று சந்தை வைத்துள்ள கெடு நாளைக் குறித்து வையுங்கள். வங்கி அட்டையில் அயல்நாட்டுச் செலவை வேண்டும்போது திறக்கவும், பின்னர் மூடவும், உச்ச வரம்பு வைக்கவும் ரிசர்வ் வங்கி 2020-ஆம் ஆண்டில் வழி செய்துள்ளது. வாங்கும் பொழுது திறந்து, வாங்கியதும் மூடுவது வீட்டுக் கதவைத் தாழிடுவது போன்ற நல்வழக்கம்.

இனி, என் மாணவனுக்கு நேர இருந்த இரண்டாம் இழப்பைக் கூற வேண்டும். சில நாட்கள் கழித்து ஒரு செய்தி வந்தது. அவன் பெயரில் இன்னொரு பார்சல் சுங்கத்தில் நிற்கிறதாம்; 2,400 ரூபாய் உடனே அனுப்பாவிட்டால் வழக்குத் தொடுப்பார்களாம். இம்முறை அவன் பணம் கட்டுமுன் என்னிடம் வந்தான். நானும் இம்முறை முழுவதும் படித்தேன். அவன் இன்னொரு பொருளை வாங்கவே இல்லை. பணம் கேட்டது ஒரு தனி மனிதர் கணக்குக்கு. சுங்கத் துறையின் கடிதங்களில் 2019-ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஆவண அடையாள எண் இடம் பெறுகிறது. அத்துறையின் வலைத்தளத்தில் அவ்வெண்ணைச் சரிபார்க்கலாம். இந்தச் செய்தியில் அத்தகைய எண்ணே இல்லை. நாங்கள் பணம் அனுப்பவில்லை. எந்த வழக்கும் வரவில்லை. அவசரப்படுத்துவதும் அச்சுறுத்துவதும் ஏமாற்றுவோரின் இரு கைகள் என்பதை அன்று இருவரும் கற்றோம்.

எனினும் ஒருவர் ஏமாந்துவிட்டால் நாணித் தலைகுனிந்து மறைக்க வேண்டாம். பணம் களவு போயிற்று எனில் உடனே 1930 என்ற எண்ணுக்கும் தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நம் பிழையும் வங்கியின் பிழையும் இன்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போனால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டில் விதித்தது. பொருளில் குறையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்கு முறையாக விற்கும் அயல்நாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும் கடலுக்கு அப்பால் இருப்பவரிடமிருந்து பணத்தை மீட்பது கடினம். சட்டம் பின்னே வரும் துணை. விழிப்பே முன்னே செல்லும் துணை.

இவற்றையெல்லாம் கேட்டு, "அப்படியானால் வாங்கவே வேண்டாமா?" என்று எண்ணாதீர்கள். 1877-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வி.பி.பி. முறை வந்தது. விலையைத் தபால்காரரிடம் கொடுத்துப் பார்சலைப் பெற்றோம். கடிகாரம் கேட்டவருக்குச் செங்கல் வந்த கதைகளை என் இளமையில் கேட்டிருக்கிறேன். அதனால் நம்மவர் தபாலில் நூல்கள் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. விலாசம் அறிந்து வாங்கப் பழகினார்கள். இன்றும் அவ்வாறே பழகிக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த சாமை அறுவடைக்குப் பின் அண்ணனும் தம்பியும் மீண்டும் என்னிடம் வந்தார்கள். தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வினாக்களையும் எழுதி, அவற்றுக்கு விடைகளையும் எழுதியிருந்தான். விட்டம் 50 மில்லிமீட்டர் என்று இரண்டு முறை கோடிட்டிருந்தான். நம் நாட்டிலேயே விலாசமுள்ள ஒரு கடையில் இருகண் நோக்கி ஒன்றை வாங்கினார்கள். ஒரு குளிர்ந்த இரவில் அதை என் கையில் கொடுத்து வியாழனைக் காட்டினான் அச்சிறுவன். கோளின் அருகே சிறு புள்ளிகளாக அதன் சந்திரர்கள் ஒளிர்ந்தன.

நேயர்களே, கற்றவர் பலர் இருக்கும் வீட்டில் கைப்பேசியைப் படித்துப் பார்க்க ஆள் உண்டு. கல்லாதவர் நம்மிடம் கொண்டுவந்து நீட்டும்போது, பெரிய எழுத்தை மட்டும் படித்துச் சொல்லாதீர்கள். சிறிய எழுத்தையும் படித்துச் சொல்லுங்கள். அது அவருடைய பல நாள் உழைப்பு.